அக்கரைக்குப் போன கதைகள்

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால், சங்கராபுரம் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் பேருந்துகள் ஊர்ந்துதான் வர வேண்டும். அப்படி ஊர்ந்து வந்த பேருந்து ஒன்றிலிருந்து, சென்ற ஆண்டு ஒரு மாலையில், என் தங்கை மகள் பெட்டியும் கையுமாக இறங்கினாள். நகரத்துக் கல்லூரியொன்றில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். இரவு உணவுக்குப் பின் பாடப்புத்தகம் ஒன்றை என்னிடம் நீட்டினாள். பாமாவின் 'கருக்கு', ஆங்கிலத்தில். "மாமா, இது ரொம்ப நல்லா இருக்கு. இதை யாராவது தமிழ்ல மொழிபெயர்த்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு பட்டது. அந்தக் கேள்வியில் அவளுடைய குற்றம் ஏதுமில்லை. 1992இல் தமிழில், அதுவும் மதுரையில் இயேசு சபையார் நடத்திய சமூக ஆய்வு மையம் ஒன்றின் வெளியீடாக வந்த நூல் அது. ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் பெண்ணை அந்நூல் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஆங்கிலத்தின் வழியாக வந்தடைந்திருக்கிறது. நம் வீட்டு அலமாரியிலிருந்து அடுத்த அறைக்குப் போக வேண்டிய புத்தகம் கடல் கடந்து சுற்றிக்கொண்டு வந்ததைப் போன்றது இது.

புத்தகம் என்ன சொல்கிறது என்று மகள் விளக்கத் தொடங்கியதும், அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை முகம் சுளித்தாள். "ஏண்ணா, நம்ம கோயில் சங்கதிய நமக்குள்ள பேசிக்கிறது போதாதா? அதை வெள்ளக்காரன் படிக்க எழுதணுமா? அதுக்குப் பரிசு வேறயா?" என்றாள்.

வாசக அன்பர்களே, ஒரு வரியில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. வீட்டின் குறையை வெளியில் சொல்வது உண்மைக்குச் செய்யும் ஊழியமா, உறவுக்குச் செய்யும் துரோகமா? அந்தக் குறைக்கு அயலார் பரிசளிக்கும்போது, சொன்னவருடைய நோக்கத்தின் மேல் ஐயம் கொள்ள நமக்கு உரிமை வந்துவிடுகிறதா? அன்று தங்கைக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பரிசுகளைப் பற்றிச் சிறிது. ஆசிய மொழிக் கதைகள் ஆங்கில வாசகரிடம் சென்று சேர்வதற்கு இன்று பரிசுகளே பெருவழியாகி இருக்கின்றன. ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்டு 2007இல் தொடங்கிய மேன் ஆசிய இலக்கியப் பரிசு, முதலாண்டில் சீன எழுத்தாளர் ஜியாங் ரோங்கின் நாவலுக்குச் சென்றது. பணம் கொடுத்த நிறுவனம் விலகிக்கொள்ள, 2012ஆம் ஆண்டுக்கான பரிசோடு அது நின்றுபோயிற்று. இலண்டனில் வழங்கப்படும் பன்னாட்டு புக்கர் பரிசு 2016 முதல் ஆண்டுதோறும் ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்கு அளிக்கப்பட்டு வருகிறது. 50,000 பவுன் தொகையை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கின்றனர். அந்த 2016இல் அதனைப் பெற்றவர் கொரிய எழுத்தாளர் ஹான் காங். அவரே 2024இல் நோபல் பரிசும் பெற்றார். 2022இல் இந்தியில் எழுதும் கீதாஞ்சலி ஸ்ரீயும், 2025இல் கன்னடத்தில் எழுதும் பானு முஷ்தாக்கும் அதே பரிசைப் பெற்றனர். தமிழுக்கு இன்னும் அது வாய்க்கவில்லை. எனினும் பெருமாள்முருகனின் 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பில், 2023இல் அதன் முதற்பட்டியலில் இடம்பெற்றது. அவ்வாண்டே அவருடைய 'ஆளண்டாப் பட்சி', ஜனனி கண்ணனின் மொழிபெயர்ப்பில், இந்தியாவில் 2018 முதல் சில ஆண்டுகள் வழங்கப்பட்ட ஜேசிபி பரிசை வென்றது. ஆசிரியருக்கு 25 இலட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 10 இலட்சம். ஊர்ப் பத்திரிகை ஆசிரியர்கள் எழுத்தாளருக்கு அஞ்சல் செலவுக்கு அனுப்பும் தொகையை அறிந்தவர்கள் இந்த இலக்கங்களை இரண்டு முறை படிப்பார்கள்.

இப்பரிசுகளின் விதிகளில் ஒன்றை நாம் கவனிப்பதே இல்லை. பன்னாட்டு புக்கருக்கு ஒரு நூல் செல்ல வேண்டுமானால், அது பிரிட்டனிலோ அயர்லாந்திலோ பதிப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே நடுவர்கள் படிக்கத் தொடங்குமுன்பே பெரும்பான்மையான தேர்வு முடிந்துவிடுகிறது. ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு நூலின்மேல் காதல் கொள்ள வேண்டும். ஒரு பதிப்பாளர் அதில் பணம் போடத் துணிய வேண்டும். அங்குள்ள வாசகர் வாங்குவார் என்று அவர் நம்ப வேண்டும். கீதாஞ்சலி ஸ்ரீயின் நூலையும் பானு முஷ்தாக்கின் நூலையும் அங்கே வெளியிட்டவை சிறிய பதிப்பகங்களே. பெரிய நிறுவனங்கள் அல்ல. ஆகவே, "உலகத்தின் மிகச் சிறந்த கதை இது" என்று எந்தப் பரிசும் சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. தம் கைக்கு வந்தவற்றுள் இது சிறந்தது என்று மட்டுமே அவை சொல்கின்றன.

கைக்கு வராதவை எத்தனை! நம் மாவட்டத்தின் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. அங்குள்ள மலையாளி மக்கள் தம் பாட்டனார்களைப் பற்றிச் சொல்லும் கதைகளில் எத்தனை சமவெளித் தமிழின் அச்சுக்கு வந்திருக்கின்றன? மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்காத கதை இலண்டனுக்கு எப்படி ஏறும்? பரிசின் குறை என்று இதனை நான் சொல்லவில்லை. முதல் மொழிபெயர்ப்பு நம் ஊருக்குள்ளேயே நடக்க வேண்டியது. அதை நாம் செய்யவில்லை.

நிற்க. கதைகள் அக்கரைக்குப் போவது இன்று நேற்று தொடங்கியதன்று; அதில் கத்தோலிக்கர்களாகிய நமக்கும் பங்குண்டு. வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனுக்குக் கொண்டு சென்றார். அவரே எழுதிய 'பரமார்த்த குருவின் கதை' 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சாயிற்று. தமிழ் உரைநடைக் கதை ஆங்கில வாசகரிடம் போய்ச் சேர்ந்த மிகப் பழைய நிகழ்வுகளுள் அது ஒன்று. நாம் பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் சற்று நின்று பாருங்கள்: போன கதை எது? இத்தாலியிலிருந்து வந்த குரு ஒருவர் எழுதியது. இந்நாட்டுக் குருவையும் அவர் சீடர்களையும் மூடர்களாகக் காட்டிச் சிரிக்க வைப்பது. தமிழர் எப்படிப்பட்டவர் என்று அறிய விரும்பிய ஆங்கிலேயர் கையில் முதலில் கிடைத்தவற்றுள் அதுவும் ஒன்று. முனிவர் மேல் பழி சொல்ல இதனை எழுதவில்லை. அந்தக் கதையைப் படித்துச் சிறுவயதில் வயிறு வலிக்கச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். எந்தக் கதை போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர் யார் என்னும் கேள்வி இருநூறு ஆண்டுப் பழமை உடையது என்பதற்காகவே சொன்னேன்.

அந்தக் கேள்விக்கு இன்று ஒரு கசப்பான விடை அடிக்கடி சொல்லப்படுகிறது. மேனாட்டு வாசகருக்கு நம் துயரம் வேண்டும். நம் சாதி, நம் வன்கொடுமை, நம் பெண்களின் கண்ணீர் வேண்டும். அவற்றை எழுதுகிறவர்க்கே பரிசு என்பார்கள். இதில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம். அசோகமித்திரன் காட்டும் செகந்தராபாத்தின் அமைதியான தெருக்களைவிட, எரிகிற குடிசை விரைவாகக் கண்ணில் படும். ஆனால் இந்த வாதத்தை எடுப்பவர்களை உற்றுக் கவனியுங்கள். குடிசை எரிந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே பெரும்பாலும் அவர்கள் வருவதில்லை. யார் பார்த்துவிட்டார் என்பதே அவர்கள் கவலை. தீயை அணைக்கத் தண்ணீர் தூக்கியவன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பெருமாள்முருகனுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்ப்போம். 'மாதொருபாகன்' 2010இல் தமிழில் வந்தது. 2013இல் ஆங்கிலத்தில் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே அவர் மறுபடியும் எழுத்துலகுக்குத் திரும்பினார். இந்த ஆண்டுகளின் வரிசையைக் கொண்டு மட்டும் காரணத்தைத் தீர்மானித்துவிட முடியாது. எனினும் நான்கு ஆண்டுகள் தமிழில் கிடந்தபோது எழாத சினம், அக்கரைக்குப் போய் வந்தபின் எழுந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. நமக்குள் இருக்கும்வரை வெறும் கதையாக இருந்தது, அயலார் கண்பட்டதும் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. என் தங்கை கேட்டதும் அதைத்தான். அவள் கேட்டது சமையலறை வாசலில். அங்கே கேட்கப்பட்டது தெருவில்.

மொழிபெயர்ப்பில் போகிற வழியிலேயே சில உதிர்ந்துவிடுகின்றன என்பதும் மெய். 'பூக்குழி' என்பது ஆங்கிலத்தில் சிதை என்னும் பொருள்தரும் ஒற்றைச் சொல்லாயிற்று. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதி என்று சொல்வதை, மேற்கிலும் தெற்கிலும் பூக்குழி இறங்குதல் என்பார்கள். நெருப்பைப் பூவென்று நம்பிக் கால்வைப்பவரின் விரதமும், மஞ்சள் ஆடையும், ஊரே சுற்றி நின்று எழுப்பும் குரலும் அச்சொல்லில் இருக்கின்றன. கலப்புமணம் புரிந்த ஓர் இளம்பெண் கணவனுடைய ஊருக்குள் கால்வைக்கும் கதைக்கு அந்தப் பெயரை வைத்ததில் உள்ள கொடிய நயம், சிதை என்றவுடன் பாதி கரைந்துபோகிறது. மொழிபெயர்த்தவர் இதை அறியாதவர் அல்லர். வேறு வழி இருந்திராது. 'கருக்கு' மட்டும் பெயர் மாறாமலே ஆங்கிலத்துக்குப் போனது. பனைமட்டையின் இருபுறமும் இருக்கும் அறுக்கும் விளிம்பு அது. இருபுறமும் கூர்மையான வாளைப் பற்றி எபிரேயர் திருமுகம் பேசுவதை அறிந்த நமக்கு அந்தப் பெயரின் குறிப்பு உடனே விளங்கும். எடுத்தவர் கையையும் அறுக்கும் என்பது பனங்காட்டில் வேலை செய்தவர்க்குத் தெரியும்.

பாமாவிடம் வருகிறேன். விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூரில் 1958இல் பிறந்தவர். துறவற சபையொன்றில் சேர்ந்து, ஏழைக் குழந்தைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிப்போய், அங்கேயும் சாதி வேறு உடையில் இருப்பதைக் கண்டு வெளியேறியவர். வெளியேறிய கையோடு, பேச்சுத் தமிழிலேயே, தம் ஊரையும் தெருவையும் பள்ளியையும் கோயிலையும் எழுதினார். புத்தகம் வந்த புதிதில் சொந்த ஊருக்குள்ளேயே சில மாதங்கள் செல்ல முடியாத நிலை இருந்ததை அவரே பின்னர் கூறியிருக்கிறார். இங்கிலாந்தில் வாழ்ந்த லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதனை ஆங்கிலமாக்க, 2000ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்ட் விருது அம்மொழிபெயர்ப்புக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகங்கள் பாடமாக்கின. என் தங்கை மகள் கைக்கு வந்தது அவ்வழியில்தான்.

நம் பங்குகளில் எத்தனை வாசகசாலைகளில் தமிழ்க் 'கருக்கு' இருக்கிறது? எத்தனை தவக்காலக் கூட்டங்களில் அது பேசப்பட்டிருக்கிறது? கணக்கு என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த மூன்று வாசகசாலைகளில் இல்லை, அவ்வளவே. ஆனால் அந்நூல் சொன்னதை நாம் அறியாதவர்கள் அல்லர். இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூரில், 2008 மார்ச் மாதம், ஒரே திருவிருந்தில் பங்குகொள்ளும் இரு சாதியாரிடையே மூண்ட பூசலும், அதனைத் தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததும் இப்பகுதியில் யாருக்குத் தெரியாது? தலித் மக்கள் தமக்குத் தனிப் பங்கு கேட்டதில் தொடங்கிய விவகாரம் அது. தனியாகப் பிரிந்துபோய்த்தான் ஆண்டவரை நிம்மதியாக வழிபட முடியும் என்று ஒரு கூட்டத்தார் எண்ணும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது எது என்று கேட்க, ஆங்கிலப் பேராசிரியர் யாரும் வர வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. பாமா எழுதியது 1992இல். இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள்.

பானு முஷ்தாக்கின் கதைகளை நம்மில் சிலர் இப்போது விரும்பிப் படிக்கிறோம். கர்நாடக முஸ்லிம் பெண்களின் வாழ்வை உள்ளிருந்தே எழுதுகிறவர். 2000ஆம் ஆண்டளவில் தம் சமூகத்தாரின் விலக்கத்தையும் சந்தித்தவர். "என்ன துணிச்சல்!" என்று வியக்கிறோம். அவர் காட்டும் கண்ணாடியில் தெரிவது நம் முகம் அன்றாதலால் வியப்பது எளிதாக இருக்கிறது. இலண்டன் வாசகர் 'கருக்கு' படிக்கும்போது இருக்கும் இடமும் இதுவே: அவர் கண்டிப்பது பிறர் பாவத்தை. பரிசுகளால் விளையும் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தங்கை அஞ்சியதுபோல நம் குறை வெளியில் தெரிவதில் அவ்வளவு ஆபத்து இல்லை. யாரைச் சுட வேண்டுமோ அவரைச் சுடாமல், யாரையும் சுடாத இடத்துக்குப் போய், பாராட்டப்பட்டு, அட்டையில் பொன்முத்திரை பெற்றுக்கொண்டு ஒரு கதை குளிர்ந்துவிட முடியும்.

அப்படியானால் போகாமலே இருந்திருக்கலாமா? அதையும் சொல்ல மாட்டேன். விருத்தாசலம் பகுதி எழுத்தாளர் இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். ஆரோக்கியம் என்று நம் அன்னையின் பெயரைத் தாங்கிய ஒரு புதிரை வண்ணார்ப் பெண்ணின் கதை. ஒடுக்கப்பட்டோர் தமக்குக் கீழே இன்னொருவரை வைத்திருப்பதை எழுதியதற்காக அவரும் கடுஞ்சொல் கேட்டார். அதனையும் ஹோம்ஸ்ட்ராமே ஆங்கிலமாக்கினார். பெரும்பரிசு எதுவும் அதற்கு அங்கே வரவில்லை. 'செல்லாத பணம்' நாவலுக்காக இமையத்துக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது வேறு செய்தி. ஆரோக்கியத்தின் துணி மூட்டையை இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருப்பவர்களே அறியவில்லை. பரிசு வந்த நூலையும் நாம் படிக்கவில்லை, வராத நூலையும் படிக்கவில்லை என்றால், பரிசின்மேல் குறை சொல்வதில் என்ன நேர்மை இருக்கிறது?

பாவசங்கீர்த்தனம் தனிமையில் செய்யப்படுவது என்பதைத் தங்கை சுட்டிக்காட்டினாள். நல்ல வாதம்தான். ஒருவர் தம் பாவத்தைச் சொல்லத் திரையும் மௌனமும் வேண்டும். ஆனால் பாமா சொன்னது தம் பாவத்தை அன்று; தமக்கு இழைக்கப்பட்டதை. இழைக்கப்பட்டவர் எந்த அளவுக் குரலில் பேச வேண்டும் என்று இழைத்தவர் வரையறுக்க முடியுமா? வீட்டுக்குள் சொல்லியிருக்கலாமே என்பவர், வீட்டுக்குள் சொன்னபோது யார் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சகோதரன் தவறு செய்தால் முதலில் தனிமையில் சொல், கேளாவிட்டால் சாட்சிகளோடு சொல், அப்போதும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்னும் முறை நமக்குத் தெரியும். சபையே கேளாவிட்டால் யாரிடம் சொல்வது என்று அங்கே தனியாகச் சொல்லப்படவில்லை. புத்தகக் கடைதான் மிஞ்சுகிறது போலும்.

எழுதுகிறவர்க்கும் இதில் சோதனை இல்லாமல் இல்லை. அடுத்த நூலை எழுத உட்காரும்போது, முன்னால் இருந்து கேட்பவர் யார்? புதுப்பட்டித் தெருவின் கிழவியா, இலண்டன் நடுவரா? கிழவிக்குச் சொல்லும்போது பனைமட்டை என்றால் போதும். நடுவருக்கோ பனை எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கதைக்குள் விளக்கவுரை நுழைந்துவிடும். தமிழில் நேரடியாக எழுதப்பட்ட சில அண்மை நாவல்களிலேயே, நமக்குத் தெரிந்த பண்டிகையை நமக்கே விளக்கும் பத்திகளைக் கண்டு நான் புத்தகத்தை மூடி வைத்ததுண்டு. பெயர் சொல்ல வேண்டாம். பாமாவின் முதல் நூலில் அப்படி ஒரு பத்திகூட என் கண்ணில் படவில்லை. யாருக்கு எழுதினார் என்பது அதிலேயே தெரிகிறது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து மகள் கல்லூரிக்குத் திரும்பும்போது, என்னிடம் இருந்த பழைய தமிழ்ப் பிரதியைக் கேட்டாள். கொடுக்கத் தேடியபோது அலமாரியில் இல்லை. அட்டை கிழிந்த அந்தப் பிரதி தங்கையின் தலையணைக்கு அடியில் இருந்தது. ஆங்கிலப் புத்தகத்தையே மகள் எடுத்துக்கொண்டு போனாள்.

தை மாதத்தில் ஒரு நாள், கல்லறைத் திருநாளுக்கு எங்கள் சொந்த ஊருக்குப் போகாமல் விட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஊர் அது. பெற்றோர் அங்கேதான் அடக்கமாகி இருக்கிறார்கள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கை முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏண்ணா, நம்ம ஊர் கல்லறைத் தோட்டத்துல நடுவுல ஒரு சுவரு இருக்குமே, அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு அம்மா சொல்லுமே, அதை எந்த வருஷம் இடிச்சாங்க?"

எனக்கு நினைவில்லை. இடித்தார்களா என்பதே நிச்சயமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போய்ப் பார்த்துவிட்டு வருவதாக இருக்கிறோம்.